பாற்பல்லும் இனிப்பும்

"பாற்பல் விழத்தானே போகின்றது, அதற்கேன் வைத்தியம்?" என்னும் பேச்சு தமிழர் வீடுகளிற் பெரிதும் வழங்குவது. ஆறாம் மாதமளவில் முளைக்கத் தொடங்கி, இரண்டரை வயதளவில் இருபதும் நிறையும் அப்பற்களுட் சில, பத்துப் பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்கவேண்டியவை. அவற்றிற் சூத்தை விழுந்தால் குழந்தை மெல்ல மறுக்கும், இரவில் உறங்காது, உடல்நிறையும் குன்றக்கூடும். காலத்துக்கு முன்னர் விழுந்த பல்லின் இடத்தைப் பக்கத்துப் பற்கள் அடைத்துக்கொள்வதால், பின்னர் வரும் நிலைப்பற்கள் வரிசை தவறுவதுமுண்டு.

சூத்தையை உண்டாக்குவது புழுவன்று. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சீனியை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலுறையைக் கரைக்கின்றது. இனிப்பு உண்டபின் அமிலம் தணிய ஏறக்குறைய அரைமணி நேரமாகும். அதன்பின் உமிழ்நீரிலுள்ள கல்சியம் முதலிய உப்புகள் இழப்பை ஈடுசெய்யும். ஆனால், அடிக்கடி இனிப்பு உண்ணும் குழந்தையின் வாயில் ஈடுசெய்ய நேரமேது? சுவீடனிலே விப்பெகோம் மருத்துவமனையில் 1940களில் நடந்த ஆய்வு, உணவோடு உண்ட சீனியிலும், உணவு வேளைகளுக்கிடையே உண்ட ஒட்டும் மிட்டாய்களே பெருங்கேடு செய்தன எனக் காட்டிற்று. சம்மதம் பெறாத நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டமையால் அவ்வாய்வு பின்னாளிற் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பு போன்ற ஊர்களில் இதனை வாழ்க்கைநிலையோடு சேர்த்தே நோக்கவேண்டும். 2009ஆம் ஆண்டுப் போரில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மக்கள் பலர் வவுனியாவின் மெனிக் பாம் முகாமில் வாழ்ந்தனர். அம்முகாம் 2012 செப்தெம்பரிலேயே மூடப்பட்டது. நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் சீனியுமே உணவாயிருந்த காலத்திற் பல்லைப் பற்றி எண்ண எவருக்கு இயலும்? மீண்டு வந்த பின்னரும், போரிற் கணவரை இழந்து தனியே குடும்பஞ் சுமக்கும் தாய்மார் பலர். தாய் விடியலிற் கூலிவேலைக்குச் செல்ல, குழந்தை அம்மம்மாவிடம் வளர்கின்றது. அழுகையை அடக்கச் சீனி போட்ட தேநீரும் பிசுக்கோத்தும் ரொபியும் எளிதிற் கிடைக்கின்றன. பழத்தினும் அவை மலிவு. இதனைத் தாயின் அறியாமை என்று மட்டும் தள்ளிவிடுதல் நீதியன்று.

எனினும், பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை உள. பால்போத்தலை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்கவிடலாகாது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் மேல்வாய் முன்பற்களே முதலிற் கெடும். ஒரு வயதானதும் கோப்பைக்குப் பழக்குதல் நன்று. பனங்கட்டி சீனியினும் சிறந்தது என்பர். பல்லுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இனிப்பை உணவு வேளையோடு நிறுத்தி, இடைவேளைகளில் அவித்த பயறோ கடலையோ கொடுக்கலாம். சிறு குழந்தைக்காயின் மசித்தே கொடுக்கவேண்டும். முதற்பல் தோன்றியதும் புளோரைட்டுப் பற்பசையை, மூன்று வயதுவரை அரிசிமணியளவும், பின்னர் பட்டாணியளவும் இட்டு, நாளுக்கு இருமுறை பெரியவர் துலக்கிவிடவேண்டும்.

இலங்கையிற் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் சேவை உண்டு. ஆயினும், குழந்தை பள்ளி செல்லும் முன்னரே சூத்தை தொடங்கிவிடுகின்றது. அதற்கு முன் வீட்டுப்படி ஏறுபவர் குடும்பநல உத்தியோகத்தரே. நிறை பார்க்கும் வேளையிற் குழந்தையின் மேலுதட்டையும் சற்றே உயர்த்திப் பார்க்கலாம். ஈறோரத்தில் மங்கிய வெண்கோடு தெரியின், அதுவே சூத்தையின் முதலடையாளம். அந்நிலையிற் பல்லை மீட்கலாம். குழி விழுந்தபின் துலக்குதல் மட்டும் அதனை மீட்காது.