இணையப் பக்கத்திலிருந்து இன்னொரு செர்வருக்குக் கட்டளை அனுப்புவது

படிவம் 5 கணினி அறிவியலில் பிஎச்பி படிக்கும் மாணவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வரும்: "பட்டனைத் தட்டினால் வேறொரு செர்வரில் பேக்கப் ஓடணும், எப்படி டீச்சர்?" பிஎச்பியில் ஷெல்_எக்ஸெக் இருக்கிறது, எஸ்எஸ்எச் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஒரே வரியில் வேலை முடியும். ஆபத்தும் அதே வரியில்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழை இலைக் கடையில் நாம் மெனுவில் உள்ளதைத்தான் கேட்கிறோம். அடுப்படிக்குள் நுழைந்து கரண்டியைப் பிடிப்பதில்லை. பயனர் எழுதியதை அப்படியே கட்டளையோடு ஒட்டினால், அவரை அடுப்படிக்குள் விட்ட மாதிரி. 'கிள்ளான்' என்று எழுத வேண்டிய பெட்டியில் ஒருவர் 'கிள்ளான்' போட்டு, ஓர் அரைப்புள்ளி வைத்து, அடுத்து கோப்பை அழிக்கும் கட்டளையை எழுதினால் ஷெல் இரண்டையும் நிறைவேற்றும்.

"எஸ்கேப்ஷெல்ஆர்க் போட்டாச்சே" என்பார்கள். நல்லதுதான், ஆனால் அது இந்தப் பக்கத்து ஷெல்லுக்கு மட்டும். எஸ்எஸ்எச் சொற்களை ஒரே சரமாக்கி அனுப்ப, அந்தப் பக்கத்து ஷெல் அதை மறுபடி பிரித்துப் படிக்கிறது. பலர் தடுக்கி விழும் இடம் இது. ஆகவே பயனர் 1, 2, 3 என்று தேர்ந்தெடுக்கட்டும். எந்த எண்ணுக்கு எந்தக் கட்டளை என்பதை நிரலே முடிவு செய்யட்டும்.

அடுத்து கடவுச்சொல். அதை நிரலில் எழுதவே கூடாது. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகுதான் தாத்து இலோனென் எஸ்எஸ்எச்சையே உருவாக்கினார். சாவி இணையைப் பயன்படுத்துங்கள். தனிச்சாவியை இணையக் கோப்புறைக்கு வெளியே, 600 அனுமதியோடு வையுங்கள்.

ஆனாலும் ஆள் இல்லாமல் ஓடும் நிரலின் சாவிக்குப் பூட்டுச்சொல் வைக்க முடியாது. தளத்தைப் பிடித்தவன் கையில் சாவியும் போகும். அதனால் கட்டுப்பாடு மறுமுனையில் இருக்கணும். அங்கே ஆத்தரைஸ்ட்_கீஸ் கோப்பில் அந்தச் சாவிக்கு முன் 'கமாண்ட்' என்று ஒரே ஒரு கட்டளையைக் கட்டிவிடலாம், 'ஃப்ரம்' போட்டு வரும் முகவரியைக் குறுக்கலாம், 'ரெஸ்ட்ரிக்ட்' (ஓபன்எஸ்எஸ்எச் 7.2 முதல்) மற்ற வசதிகளை மூடிவிடும். ரூட் கணக்கு வேண்டவே வேண்டாம். செர்வரின் அடையாளச் சோதனையை அணைக்கச் சொல்லும் வரியை எங்காவது பார்த்தால் நகல் எடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், இணைய நிரல் எஸ்எஸ்எச்சைத் தொடாமலிருப்பதே மேல். தரவுத்தளத்தில் 'பேக்கப் வேண்டும்' என்று ஒரு வரிசை எழுதட்டும். வேறு கணக்கில் ஓடும் கிரான் அதைப் படித்து வேலையைச் செய்யட்டும். ஒரு நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். 2014-இல் வெளிவந்த ஷெல்ஷாக் கோளாறில், உலாவி அனுப்பும் தகவல் பேஷ் ஷெல் வரை போய்ச் சேர்ந்த தளங்களே மாட்டிக்கொண்டன.

மாணவர்களே, பயிற்சியை வீட்டுக் கணினியில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களில் செய்யுங்கள். அடுத்தவர் தளத்தில் அரைப்புள்ளி போட்டுப் பார்ப்பது விளையாட்டல்ல. 1997 கணினிக் குற்றச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் அனுமதியற்ற நுழைவுக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.