வெயிலுக்கு வந்த கிராக்கி

ராமநாதபுரம் ஜில்லாவில் கமுதிப் பக்கத்து வானம் பார்த்த பூமி, மழை பொய்த்த வருஷங்களில் சீமைக்கருவேலுக்கும் ஆட்டுக்கிடைக்குமே உதவி வந்த பூமி, 2016-ஆம் வருஷம் 648 மெகாவாட் சக்தியுள்ள சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் அங்கே எழுந்தபின், பலருடைய கண்ணுக்கு வேறு மாதிரியாகத் தோன்றலாயிற்று. ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் நாலைந்து ஏக்கர் வேண்டியிருப்பதால், ஒரே கட்டாகக் கிடக்கும் மானாவாரி நிலத்துக்குத் தெற்கத்திச் சீமையில் கிராக்கி வந்துவிட்டது. நிலக்கரியும் புகையும் இல்லாத இந்த மின்சாரம் தேசத்துக்கு அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அவசியத்தைக் காட்டி, வாசித்துப் பாராத பத்திரத்தில் ஒரு குடியானவரைக் கையெழுத்துப் போடச் செய்வது எந்த நியாயத்திலும் சேராது.

விற்பதா, குத்தகைக்கு விடுவதா என்பது முதல் விஷயம். கர்நாடகத்தில் துமகூரு ஜில்லா பாவகடா தாலுகாவில் சுமார் 13,000 ஏக்கரில் அமைந்த 2,050 மெகாவாட் பூங்காவுக்கு நிலம் விலைக்கு வாங்கப்படவில்லை. ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய் என்று தொடங்கி, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நூற்றுக்கு ஐந்து கூடும்படி, 28 வருஷக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. வறட்சியில் நொந்துகிடந்த அப்பிரதேசத்தில் இது நிலமுடையவர்களுக்குப் பெரிய ஆதரவுதான். ஆயினும் அந்த விகிதத்தில் கணக்குப் போட்டால், 28-ஆவது வருஷத்திலும் குத்தகைப் பணம் இரட்டிப்பாவதில்லை. அதற்குள் விலைவாசி எங்கே போய் நிற்கும் என்பதைச் சம்சாரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட மனத்தை உறுத்துவது வேறொன்று: குத்தகைப் பணம் பட்டாக்காரரைச் சேருமே தவிர, அதே நிலத்தில் களையெடுத்தும் கடலை பிடுங்கியும் ஜீவித்த நிலமற்ற கூலியாட்களைச் சேராது; சூரியப் பலகைகளை நாட்டி முடிக்கும்வரை வேலை கிடைக்கும், பிறகு காவலுக்கும் பலகை கழுவவும் புல் வெட்டவும் சிலர் போதும்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் விதி. பதியாத பத்திரத்தைக் கோர்ட்டில் குத்தகைக்குச் சாட்சியமாகக் காட்ட முடியாது. பணம் தவணை தவறினால் என்ன, கம்பெனி கைமாறினால் புதியவர் பொறுப்பேற்பாரா, கம்பெனி பாங்கியில் கடன் வாங்குகையில் அடகுக்குப் போவது அதன் குத்தகை உரிமை மட்டுமா அல்லது உங்கள் நிலமேயா, காலம் முடிந்ததும் இரும்புத் தூண்களையும் காங்கிரீட்டையும் பெயர்த்து நிலத்தை உழவுக்கு ஏற்றபடி திருப்பித் தருவது யார் செலவு என்பவற்றுக்கெல்லாம் பத்திரத்தில் தெளிவான ஷரத்து இருக்கவேண்டும். தரகர் பேருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பது, வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதற்குச் சமானம். பஞ்சமி நிலமாயின் விஷயமே வேறு. தாழ்த்தப்பட்டோருக்கென்று நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட அந்நிலத்தைப் பிறருக்கு மாற்றுவது செல்லாது. பிறர் நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுகிறவர்கள், 1969-ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி தங்கள் பெயரை ஏற்றிக்கொள்ளாவிட்டால், நிலம் கைமாறும் நாளில் தாங்கள் உழுததை நிரூபிக்கவே சிரமப்படுவார்கள்.

நிலமே இல்லாதவருக்கும் இதில் பாத்தியதை உண்டு. வேலி போடும்போது கண்மாய்க்கு வரும் ஓடையும் வண்டிப்பாதையும் மந்தை போகும் தடமும் உள்ளே அகப்பட்டுக்கொள்ளக்கூடும். வரத்துக்கால் அடைபட்டால் நஷ்டம் ஆயக்கட்டு முழுவதற்கும். பலர் அறியாத சங்கதி என்னவென்றால், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய 2006-ஆம் வருஷத்து அறிவிக்கையில் இந்த வகைச் சூரிய மின்நிலையம் சேர்க்கப்படவில்லை. ஆகவே அனல்மின் நிலையத்துக்கு நடப்பதைப் போன்ற பொது விசாரணை இதற்கு நடப்பதில்லை. இந்த விலக்கு கூரைமேல் வைக்கும் பலகைக்குப் பொருந்தும். ஆயிரக்கணக்கான ஏக்கருக்கும் அதுவே என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சட்டம் மாறும்வரை, ஊர் கூடிக் கேட்பதற்குக் கிராமசபைதான் இடம். கிராம வரைபடத்தையும் புல எண்களையும் வைத்துக்கொண்டு, எந்த ஓடை எந்த வேலிக்குள் போகிறது என்று அங்கே கேட்டுத் தீர்மானம் எழுதிக்கொள்ளலாம். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டால் 30 நாளில் பதில் வரவேண்டும். திங்கட்கிழமைகளில் கலெக்டரின் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம்.

அபாயம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வெயில் இருக்கும்வரை பலகை மின்சாரம் உற்பத்தி செய்துகொண்டேயிருக்கும்; இணைப்பைத் துண்டித்தாலும் பலகையில் மின்னழுத்தம் நிற்கும், பெரிய நிலையங்களில் வரிசைக்கு ஆயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும். ஆட்டைத் தேடிப் பிள்ளைகள் வேலிக்குள் நுழையலாகாது. உடைந்த பலகைகளை ஓடையில் கொட்டவும் எவருக்கும் அதிகாரமில்லை; 2022-ஆம் வருஷத்து மின்னணுக் கழிவு விதிகள் அவற்றையும் கட்டுப்படுத்துகின்றன.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்குகிறவர்கள், 1987-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி தாலுகாதோறும் கோர்ட்டு வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் குழுவை நாடலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் பாராமலே அங்கே இலவச உதவி உண்டு. வழக்கு முளைத்த பிறகுதான் போகவேண்டும் என்பதில்லை, கையெழுத்துக்கு முன்பே பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு போய் யோசனை கேட்கலாம்.