கழகப் பற்றும் துண்டுச் சீட்டும்

இரத்தினபுரி, கேகாலை மலைச்சாரல்களில் தேயிலையும் இறப்பரும் பெருகிய காலத்தில், தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லவேண்டுமாயின் ‘துண்டு’ எனப்பட்ட சிறு சீட்டொன்று வேண்டியிருந்தது. கங்காணியின் கீழுள்ளோர் பட்ட கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோருக்கு இவர்கள் விடுவிக்கப்படுவர் என்று துரை அதில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் கடனைக் கொடுத்து ஆட்களைப் பெறும். கடனோ ஆட்களைத் தொடர்ந்தே செல்லும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது.

இதனை நினைவிற் கொண்டால், கடல் கடந்த நாட்டில் றக்பி லீக் ஆட்டத்தின் பொருட்டு எழுந்த வழக்கொன்று எளிதில் விளங்கும். இன்று அணிக்குப் பதின்மூவர் ஆடும் அவ்வாட்டம், 1895இல் வட இங்கிலாந்தில் கூலி பற்றிய பிணக்கிலிருந்து பிறந்தது. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தோர் சனிக்கிழமை ஆடச் சென்றால் கூலியை இழந்தனர். தோட்டத்து வழக்கிற் சொன்னால், அவர்களுக்குப் பேர் போடப்படவில்லை. அவ்விழப்புக்கு ஈடு கொடுக்கத் தலைமைச் சங்கம் இசையாமையால், வடபகுதிக் கழகங்கள் பிரிந்து தனிச் சங்கம் அமைத்தன.

தொழிலாளியின் நலம் கருதித் தோன்றிய ஆட்டமே பின்னர் ஆட்டக்காரரைக் கட்டிப்போட்டது. சிட்னி நகரில், ஒப்பந்தம் முடிந்த பின்னரும் கழகம் ஒருவரின் பெயரைத் தன் பட்டியலில் நிறுத்திவைக்கலாம். அதன் இசைவின்றி அவர் வேறு கழகத்துக்கு ஆட இயலாது. பல்மெயின் கழகத்து டெனிஸ் டட்டி இதனை எதிர்த்தார். 1969ஆம் ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. அவ்வாண்டு அக்கழகமே வாகை சூடியது. அந்த வெற்றியில் தமக்குரிய பங்கை இழந்தும் அவர் தளரவில்லை. 1971இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம், இவ்விதி தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடையெனத் தீர்ப்பளித்தது.

அதன்பின் கழகப் பற்று அழிந்துவிட்டதா? கூடுதல் ஊதியம் தரும் கழகத்தை நாடுவோர் பெருகினர் என்பது உண்மையே. ஆயினும், கமரன் சிமித் 2002 முதல் 2020 வரை மெல்பேர்ண் ஸ்டோர்ம் என்ற ஒரே கழகத்துக்கு 430 ஆட்டங்கள் ஆடினார். ஊதிய வரம்பை மீறியமைக்காக 2010இல் அக்கழகத்தின் 2007, 2009ஆம் ஆண்டுப் பட்டங்கள் பறிக்கப்பட்டன. ஊதியச் செலவைக் குறைக்கவேண்டிய நிலையில், கிரெக் இங்கிலிஸ் போன்ற சிறந்த வீரரும் வேறு கழகம் சென்றனர். சிமித் நின்றார். சென்றவரைப் பழித்தல் முறையன்று, நின்றவரைப் போற்றலாம். போகும் வழி திறந்திருக்கையில் நிற்பதே பற்று. வழி அடைபட்ட நிலையில் நிற்பது கட்டு.

இவ்வேறுபாடு தோட்டங்களுக்கும் பொருந்தும். துண்டு ஒழிந்த பின்னரும் தலைமுறை தலைமுறையாக அதே லயத்தில் வாழ்ந்தோர் பலர். அவர்களை அங்கே நிறுத்தியது மண்மீது கொண்ட பற்று மட்டுந்தானா? சட்டம் கதவைத் திறந்துவிடலாம். வெளியே சென்று வாழ வீடும் காணியும் வேண்டுமல்லவா?