உஷார்! எலிக்கு வாங்கிய டியூப் வீட்டில் இருக்கிறதா?

சம்பா அறுவடை முடிந்து வயல் வெறும் தாளாகக் கிடக்கும் தை, மாசியில் எலிகளுக்கு அங்கே வேலை இல்லை. நெல் எங்கே போனதோ அங்கேயே அவையும் வந்துவிடும். ஐப்பசி அடைமழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால் மறுபடி ஒரு படையெடுப்பு. பரண் மேல் ஓடுகிற சத்தம், ஓரம் கடிபட்ட சாக்கு, அரிசிப் பானைக்குப் பின்னால் புழுக்கை. ஓரிரு நாள் பொறுத்துப் பார்ப்போம். அப்புறம் மளிகைக் கடையில் நின்று, “எலி பேஸ்ட் ஒண்ணு கொடுங்க” என்போம்.

அங்கேதான் நிற்கச் சொல்கிறேன். அந்த டியூபை வாங்காதீர்கள். எலி தின்பது ஒரு மரக்கால் நெல். அந்த டியூப் எடுத்துக்கொண்டு போவது உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

அதில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ், 3 சதவீதம். இருட்டில் லேசாக ஒளிரும். பூண்டு வாடை அடிக்கும். தமிழ்நாட்டில் இதன் விற்பனைக்குத் தடை உண்டு. தடை இருக்கிறது என்பதற்காக எங்கும் கிடைக்காது என்று நம்பிவிடாதீர்கள். முன்பே வாங்கிய டியூப் எத்தனையோ வீட்டு அலமாரியில், பற்பசைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அளவும் வடிவமும் பற்பசை டியூப்தான். தூக்கக் கலக்கத்தில், கண் சரியாகத் தெரியாத வயதில், அதை எடுத்துப் பல் தேய்த்து உயிரை விட்டவர்களின் செய்தியை நாம் படித்திருக்கிறோம், அடுத்த பக்கத்தைப் புரட்டியும் இருக்கிறோம்.

எலிக்கு எப்படி வைக்கிறோம் என்பதையும் யோசியுங்கள். தக்காளியைப் பாதியாக நறுக்கி அதில் தடவி ஆட்டுக்கல்லுக்கு அடியில் வைக்கிறோம். தேங்காய்ச் சில்லில் தடவுகிறோம், மசால் வடையில் தடவுகிறோம், பிஸ்கட்டில் தடவுகிறோம். எல்லாம் தரையில், சுவர் ஓரமாக, மூலை முடுக்கில். தவழுகிற குழந்தை போகிற வழியும் அதேதான். கீழே கிடக்கும் பிஸ்கட்டை எலிக்கு வைத்தது என்று அதற்கு யார் சொல்வது?

இந்த விஷத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கொடுமை ஒன்று இருக்கிறது. உள்ளே போன முதல் நாள் வாந்தி வரும், வயிறு வலிக்கும். சிலருக்கு அதுகூட இருக்காது. பிறகு ஓரிரண்டு நாள் ஆள் நன்றாக ஆகிவிடுவார். எழுந்து உட்காருவார், இட்லி கேட்டுச் சாப்பிடுவார். “ஒண்ணும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்” என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிடுகிறார்கள். அந்த அமைதியான நாட்களில்தான் கல்லீரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கிறது. அடுத்து கண் மஞ்சளாகும், ரத்தம் உறையாமல் போகும், நினைவு தப்பும். அப்போது தூக்கிக்கொண்டு ஓடினால் மருத்துவர்கள் கையில் மிச்சம் இருப்பது மிகக் குறைவு.

இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. கல்லீரலைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகள் கொடுத்துப் பார்ப்பார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையால் சிலரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைதான். கிராமத்திலிருந்து போகிற எத்தனை குடும்பத்துக்கு அது எட்டும்?

ஆகவே வாயில் வைத்தது தெரிந்த அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள். டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள். பால் புகட்டாதீர்கள், எண்ணெய் கொடுக்காதீர்கள், பச்சை முட்டை உடைத்து ஊற்றாதீர்கள். பாஸ்பரஸ் கொழுப்பில் கரையும். நல்லது என்று நினைத்துக் கொடுக்கும் பாலே விஷத்தை வேகமாக உடம்பில் சேர்த்துவிடும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். பிள்ளை துள்ளி விளையாடினாலும், டாக்டரே ரத்தப் பரிசோதனை பார்த்துப் போதும் என்று சொல்லும்வரை மருத்துவமனையை விட்டு நகராதீர்கள்.

இன்னொன்றையும் மனம் கனத்துத்தான் சொல்கிறேன். வீட்டுச் சண்டையில், பரீட்சை முடிவு வந்த நாளில், கை எட்டும் தூரத்தில் இது இருந்ததாலேயே போன உயிர்கள் நம் ஊர்களில் உண்டு. ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் அந்தக் கோபம் ஆறியிருக்கும். வீட்டில் விஷமே இல்லை என்றால் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும். மனம் தாங்காத நேரத்தில் மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம், பகலோ இரவோ.

பேஸ்ட் வேண்டாம், மாத்திரை வைக்கிறேன் என்பவர்களுக்கு: அது இன்னும் மோசம். நெல்லில் வண்டு விழாமல் இருக்கக் கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சுக்காற்றை விடும். அதைத் தின்ன வேண்டாம், மூச்சில் போனாலே போதும். அதற்கும் முறிவு கிடையாது. பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டியதை உதிரியாக வாங்கி, நெல் அடுக்கிய அறையில் போட்டுவிட்டு அடுத்த அறையில் படுக்கிறோம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலித் தொல்லைக்காக மருந்து வைத்த வீட்டில், இரவு ஏ.சி. அறையில் தூங்கிய குடும்பத்தில் 6 வயதுப் பெண் குழந்தையும் 1 வயது ஆண் குழந்தையும் இறந்தார்கள். தாயும் தகப்பனும் மருத்துவமனையில் கிடந்தார்கள். ஆட்கள் தூங்கும் வீட்டுக்குள், கதவு சாத்திய அறைக்குள், இந்த ரக மருந்து எந்த வடிவிலும் கூடாது. வைத்துக் கொடுக்க ஆள் வந்தால் என்ன மருந்து, பெயர் என்ன என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் திருப்பி அனுப்புங்கள்.

எலிக்கு வைக்கும் விஷம் எலியோடு நிற்பதில்லை, அணிலுக்கும் போகிறது. எலி இரவில் வருவது, அணில் பகலில் மேய்வது. ராத்திரி வைத்த மருந்தைக் காலையில் எடுக்காமல் விட்டால் அதைத் தின்னப்போவது அணிலும் மைனாவும் வீட்டுக் கோழியும். கொய்யாவைக் கடிக்கிறது, தென்னங்குரும்பையை உதிர்க்கிறது, ஓட்டு இடுக்கில் பஞ்சும் நாரும் திணித்துக் கூடு கட்டுகிறது, சொட்டுநீர்க் குழாயைக் கொறிக்கிறது என்று அணில் மேல் கோபம் வருவது நியாயம்தான். அதற்காக விஷம் வைப்பது நியாயமில்லை, தேவையும் இல்லை. காய்க்கும் கிளைக்கு வலை போட்டால் கொய்யா தப்பும். மற்ற மரத்தின் கிளை தொடாத தென்னைக்கு, ஆள் உயரத்துக்கு மேல் வழுவழுப்பான தகரப் பட்டையைச் சுற்றி அடித்தால் எலியும் ஏறாது, அணிலும் ஏறாது. ஓட்டு இடுக்கை அடைக்கும் முன் உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒட்டும் அட்டை வாங்குவதையும் நிறுத்துங்கள். அதில் அணில் ஒட்டும், பல்லி ஒட்டும், கரப்பான் தின்று நமக்கு உதவும் மூஞ்சூறு ஒட்டும். தோல் உரிய உரியத் துடித்து, ஒரு நாள் முழுக்கச் சாகும். இந்த அட்டையைத் தடுக்கும்படி இந்திய விலங்கு நல வாரியமே மாநிலங்களைக் கேட்டிருக்கிறது. நீலம், பச்சை நிறத்தில் வரும் மெழுகுக் கட்டி மருந்தும் மற்ற உயிர்களுக்குப் பரவும். அதைத் தின்ற எலி உடனே சாகாமல் தள்ளாடித் திரியும், அதைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் பூனைக்கும் விஷம் போய்ச் சேரும். இரவெல்லாம் எலி பிடிக்கும் கூகையைக் கொன்றுவிட்டு எலி பெருகிவிட்டது என்று புலம்புகிறோம்.

வயலில் எலிக்கென்று மின்கம்பி இழுப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அதில் செத்தவர்கள் அண்டை வயல்காரர், தண்ணீர் பாய்ச்சப் போனவர், பல சமயம் கம்பி கட்டியவரே. சட்டப்படி குற்றம், சிறைக்கும் போக நேரும். அதற்கும் மேலே அது கொலை.

சரி, எலியை என்னதான் செய்வது? அது எளிதில்லை, ஆனால் முடியும். முதலில் ஓட்டை. பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி நுழையும். உடைத்த கண்ணாடியைச் சிமென்ட்டில் கலந்து பூசுங்கள், தண்ணீர் போகும் வழிக்குக் கம்பி வலை போடுங்கள், கதவின் அடிப்பக்கம் தகரம் அடியுங்கள். நெல்லும் கோழித் தீவனமும் மூடியுள்ள டிரம்மில் இருக்கட்டும். நாய்க்கு வைத்த மிச்சச் சோறு ராத்திரி தட்டில் கிடக்கக் கூடாது. விறகும் வைக்கோலும் சுவரை ஒட்டி இருந்தால் எலி குடியேறும். எலி இருக்கும் இடத்துக்கு நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் தேடி வரும்.

அடுத்தது பொறி. எலி சுவரை ஒட்டியே ஓடும், நடுக்கூடத்தில் வைத்தால் விழாது. புதுப்பொருளைக் கண்டால் பெரிய எலி ஒதுங்கிப் போகும் என்பதால், முதல் இரண்டு மூன்று ராத்திரி பொறியின் விசையை ஏற்றாமல் தீனி மட்டும் வையுங்கள். பழகியபின் விசையை ஏற்றுங்கள். வயலுக்குத் தஞ்சாவூர்க் கிட்டியை விட்டால் வேறில்லை. மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டி, உள்ளே தீனி வைத்து, எலி இழுத்ததும் நாண் வந்து கழுத்தை அழுத்துகிற கருவி. விஷம் இல்லை, மின்சாரம் இல்லை. கட்டத் தெரிந்தவர்கள் டெல்டாவில் இன்னும் இருக்கிறார்கள். கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள்.

செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, ஊறவிட்டுத் துடையுங்கள். எலி மூத்திரம் கலந்த சேற்றில், காலில் புண்ணோடு நடந்தாலே எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் கவனம். எலியின் மேல் ஒட்டிவரும் நுண்ணிய பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலில் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம், வலிக்காது என்பதால் கண்ணில் படாது. சீக்கிரம் தெரிந்தால் இரண்டுக்கும் சாதாரண மாத்திரையே போதும், தாமதித்தால் சிறுநீரகம் வரை போகும். காய்ச்சல் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறவர்கள், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்: “ஐயா, வீட்டில் எலி நடமாட்டம் இருக்கிறது.”