உங்களுக்குத் தெரியுமா? உடம்பு தேறக் கடற்கரைக்குப் போனவர்கள்

● ஹவாயின் வைக்கீக்கி கடற்கரையில் ஓட்டல்கள் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே நோயாளிகள் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். இன்றைய ஹாலேகுலானி ஓட்டலை ஒட்டிய கவெஹெவெஹெ என்ற இடத்தில் கடலில் இறங்கி முழுகுவார்கள். கழுத்தில் ‘லிமு கலா’ என்ற கடற்பாசியில் கட்டிய மாலை. ‘கலா’ என்றால் ஹவாய் மொழியில் அவிழ்த்துவிடுவது, மன்னிப்பது. முழுகும்போது அந்த மாலையை அலையோடு போகவிடுவார்கள். செய்த பிழையும் வந்த நோயும் சேர்ந்தே போகட்டும் என்று. கவெஹெவெஹெ என்பதற்கே ‘நீக்குதல்’ என்றுதான் பொருள். உடம்புக்கு முன்னால் மனசை ஆற்றிய வைத்தியம் இது. எனக்கு இதன்மேல் தனி மதிப்பு.

● ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சு நோய். 1888-ல் குடும்பத்தோடு கப்பலேறி, 1889-ல் இதே வைக்கீக்கியில் சில மாதம் தங்கி ஒரு நாவலை எழுதி முடித்தார். பிறகு சமோவாவில் வீடு கட்டிக் குடியேறினார். 1894 டிசம்பரில், 44 வயதில், அங்கேயே இறந்தார். காரணம், வாழ்நாளெல்லாம் அவர் பயந்த நெஞ்சு நோய் அல்ல. மூளையில் ரத்தக் கசிவு.

● ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்நாளில் கடல் கடந்து போனது ஒரே ஒரு தடவை. 1751-ல், 19 வயதில், காசநோயால் இளைத்துப்போன அண்ணன் லாரன்ஸைக் கூட்டிக்கொண்டு பார்படாஸ் தீவுக்குப் போனார். வெப்பக் காற்று அண்ணனைத் தேற்றும் என்று நம்பிக்கை. நடந்ததோ வேறு. துணைக்குப் போன தம்பிக்குப் பெரியம்மை போட்டது. ஏறக்குறைய ஒரு மாதம் படுக்கை. அண்ணனுக்குக் குணமாகவில்லை, அடுத்த ஆண்டே இறந்துபோனார். தம்பிக்கோ முகத்தில் தழும்பும் அம்மைக்கு எதிர்ப்புச் சக்தியும் மிஞ்சின. 1777-ல் அம்மை அமெரிக்கப் படையை வாட்டியபோது, வீரர்களுக்கு அம்மைப்பால் குத்த உத்தரவிட்டவர் அதே வாஷிங்டன். அவர்கள் தங்கிய வீடு பிரிட்ஜ்டவுனில் இன்று அருங்காட்சியகம்.

● காய்ச்சல் விட்டதும் கடற்கரை விடுதிக்குக் கிளம்புகிறீர்களா? கையில் டாக்ஸிசைக்ளின் மாத்திரை இருந்தால் கவனம். அது வெயிலைத் தோல் தாங்கும் சக்தியைக் குறைக்கும்; கொஞ்ச நேரத்திலேயே தோல் கருகிச் சிவந்துவிடும். குடைக்குள் உட்கார்ந்தால் போதும் என்றும் இருக்க முடியாது. புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைக் காய்ந்த மணலும், 25 சதவீதத்தை அலை நுரையும் திருப்பியடிக்கின்றன. மாத்திரை முடியும்வரை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, வெயில் தாழ்ந்தபின் மணலுக்குப் போங்கள்.