வாரியலும் அதன் சொந்தக்காரர்களும்

தென்காசிக் கடைத்தெருவில் ‘விளக்குமாறு’ என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள்; கேட்பவர் வெளியூர் என்பதும் தெரிந்துவிடும். இங்கே அதன் பெயர் வாரியல். மலை தாண்டி ஆரியங்காவுக்குப் போனால் மலையாளத்தில் ‘சூல்’. இலங்கைத் தமிழரிடம், நீளப் பிடி போட்ட தும்புத் துடைப்பத்துக்குத் ‘தும்புத்தடி’ என்று பெயர்.

வாருவதால் வாரியல், அது சுலபம். விளக்குமாறில் உள்ள விளக்கு, திரி போட்டு ஏற்றும் விளக்கு அல்ல. பல் விளக்குகிறோம், பாத்திரம் விளக்குகிறோம், அந்த விளக்கு. மாறு என்றால் குச்சி. பருத்தி எடுத்து முடித்த காட்டில் காய்ந்து நிற்குமே பருத்திமாறு, அதே மாறு. சீமாறு என்பதைச் சண்டையில் கேட்டே பழகிவிட்டோம். அதிலுள்ள ‘சீ’ அருவருப்பு இல்லை. பழந்தமிழில் சீத்தல் என்றால் கூட்டித் துடைத்தல். கோயிலைக் கூட்டும் வாரியலுக்கோ ‘திருவலகு’ என்றே பெயர். வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் பொருளுக்குச் சன்னிதியில் ‘திரு’ பட்டம்!

தென்னந்தோப்புகள் சூழ்ந்த இந்தப் பக்கத்தில் முற்றத்து வாரியல் ஈர்க்கில்தான் பிறக்கிறது. ஓலையைக் கத்தியால் சீவி எறிந்தால் மிஞ்சுகிற நடுநரம்புதான் ஈர்க்கு. காயவைத்து, கட்டாகச் சேர்த்து, அடிப்பக்கத்தைத் தரையில் தட்டிச் சமன் செய்து, இறுக்கிக் கட்டுகிறார்கள். கட்டு தளர்ந்தால் நடுவில் ஒரு குச்சியை அடித்து இறக்கினால் மறுபடி இறுகிவிடும். ஈர்க்கு அடியில் தடித்து நுனியில் மெலிந்திருப்பது நமக்கு வசதி. அடி கைப்பிடியாகிறது, நுனி தரையில் வளைந்து, விடுபடும்போது விசையோடு நிமிர்ந்து சருகைத் தள்ளுகிறது. குற்றாலச் சாரலில் நனைந்த முற்றத்தையும் இதனால் கூட்டலாம்.

மொசைக்கும் டைல்ஸும் வந்தபின் வீட்டுக்குள் பூந்துடைப்பம் புகுந்தது. அது ஒரு மலைப்புல்லின் பூங்கதிர். மேகாலயாவில் பெருமளவு பயிராகிறது. ஈர்க்கு தவறவிடும் நுண்தூசியை அதன் மென்மையான கிளைகள் சேர்த்து இழுத்துவிடும். ஈரம் மட்டும் ஆகாது. பனைமட்டையின் அடித்தும்புக்கோ வேறு பயணம்: தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி, வெளிநாடுகளில் பிரஷ்ஷாகிறது.

புதுப் பூந்துடைப்பம் சில நாள் பொடி உதிர்க்கும். கடைக்காரரைத் திட்டாதீர்கள், அது பூவின் உமி. வெளியே நன்றாகத் தட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் ஆணியில் தொங்கவிடுங்கள், நுனி மடங்காது.