ஒரே 50, இரண்டு வெளிச்சம்

ராயபுரம் பக்கம் உங்கள் அப்பாவோ சித்தியோ கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தால், அவர்கள் மேசையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு லேப்டாப், பக்கத்திலேயே பெரிய மானிட்டர். ஒன்றில் சுங்கத்துறைப் படிவம், இன்னொன்றில் கன்டெய்னர் பட்டியல். கண் கூசுகிறதே என்று கீபோர்டில் சூரியன் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் லேப்டாப் மட்டும் மங்கும். பெரிய மானிட்டர் அப்படியே இருக்கும். "மானிட்டர் போச்சு" என்று யாராவது சொல்வார்கள். போகவில்லை.

இரண்டு திரையிலும் படத்துக்குப் பின்னால் எல்இடி விளக்குகள் எரிகின்றன. முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் அந்த ஒளியை இடத்துக்கு இடம் கூட்டியும் குறைத்தும் விடுகின்றன; அதுதான் படம். லேப்டாப்பின் விளக்கு கணினியின் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது. வெளி மானிட்டரோ தனிக் குடித்தனம். அதன் விளக்கை அதற்குள் இருக்கும் சர்க்யூட்தான் கூட்டிக் குறைக்கும். கணினி படத்தை மட்டும் அனுப்பினால் போதாது. 'விளக்கைக் குறை' என்று தனியாகவும் சொல்லி அனுப்ப வேண்டும்.

அதற்கும் வழி உண்டு. எச்டிஎம்ஐ கேபிளின் முனையில் 19 பின்கள் இருக்கும். அவற்றில் 15, 16 இரண்டும் படம் கொண்டுபோவதில்லை; கணினியும் மானிட்டரும் பேசிக்கொள்வதற்கானவை. அந்தப் பேச்சில் வெளிச்சம் பற்றியும் சொல்லலாம் என்று 1998-ல் வெசா என்ற அமைப்பு விதி வகுத்தது. டிடிசி/சிஐ என்று அதற்குப் பெயர். பல மானிட்டர்களின் மெனுவில் இந்தப் பெயருக்கு எதிரே 'ஆன்', 'ஆஃப்' என்று இருக்கும். ஆஃபில் இருந்தால் கணினி எவ்வளவு கத்தினாலும் மானிட்டருக்குக் காது கேட்காது. நடுவில் மாட்டிய அடாப்டர் சில சமயம் படத்தைக் கடத்திவிட்டு இந்தப் பேச்சை மட்டும் விழுங்கிவிடும். எல்லாம் சரியாக இருந்தும் நடக்கவில்லையா? விண்டோஸில் உள்ள வெளிச்சப் பட்டை பெரும்பாலும் லேப்டாப்பின் சொந்தத் திரைக்கு மட்டும்தான். மற்றதற்கு மானிட்டரில் உள்ள பொத்தானே கதி, இல்லாவிட்டால் இதற்கென்றே உள்ள சின்னச் செயலி. மெனுவில் வெளிச்சம் என்ற வரியே சாம்பல் நிறமாகி நகர மறுத்தால், 'ஈகோ' போன்ற ஏதோ ஒரு பட முறையோ எச்டிஆரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது. 'ஸ்டாண்டர்டு'க்கு மாற்றிப் பாருங்கள்.

சரி, இரண்டையும் 50-ல் வைத்தாயிற்று. அப்படியும் ஒன்று பளிச், ஒன்று மங்கல்! காரணம், அந்த 50 ஒரு அளவே இல்லை. திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். 50 என்றால் பாதி என்றே வைத்துக்கொண்டாலும், 250 நிட் திரையின் பாதியும் 400 நிட் திரையின் பாதியும் எப்படி ஒன்றாகும்? போதாததற்கு, எல்இடி வயதாக ஆக மங்கும். அதனால் எண்ணை நம்பாதீர்கள். இரண்டிலும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பளிச்சென்று இருப்பதைக் குறைத்துக்கொண்டே வந்து கண்ணாலேயே பொருத்துங்கள்.

ஆபீஸில் இது கண் எரிச்சலோடு போய்விடும். கடலில் அப்படியில்லை.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு இரவில் ஒரு நிலக்கரிக் கப்பல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பலை ஓட்டும் 'பிரிட்ஜ்' என்ற அறையில் விளக்கை அணைத்திருப்பார்கள். எதிரே ரேடார், மின்னணு வரைபடம் என்று வரிசையாகத் திரைகள். வெளியே காசிமேட்டிலிருந்து போன விசைப்படகுகள், பைபர் படகுகள்; ஒவ்வொன்றிலும் சின்ன விளக்கு. அதை அதிகாரி கண்ணால் பார்த்தாக வேண்டும். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். விழித்திரையில் ரொடாப்சின் என்ற நிறமி மெல்ல மெல்லத்தான் சேரும். ஒரே ஒரு திரை பளீரென்று எரிந்தால் போதும், சேர்ந்தது குறைந்துவிடும். அப்புறம் படகு விளக்கு எங்கே தெரியப் போகிறது?

அதற்காக ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆபத்துதான். இரவு வரைபடத்தில் எல்லாமே அடர்ந்த நிறங்கள். ஆழம் குறைந்த இடத்தைக் காட்டும் கோடு கறுப்போடு கறுப்பாகக் கரைந்துவிடும். கடல் வரைபடங்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பு மொனாக்கோவில் இருக்கிறது. அதன் எஸ்-52 விதிமுறையில் பகல், அந்தி, இரவு என்று மூன்று நிறத் தொகுப்புகள் உண்டு. கூடவே ஒரு சோதனைச் சின்னம்: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே கருமை. உள்ளே இருப்பது மட்டுமட்டாகத் தெரியும்படி திரையைச் சரிசெய்ய வேண்டும். அது மறைந்தால், வரைபடத்தில் வேறு எதுவும் மறைந்திருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. மீட்டர் வேண்டாம், கருவி வேண்டாம், கண் போதும்.

நீங்களும் செய்யலாம். பெயின்ட் செயலியில் முழுக் கறுப்புப் பக்கம் ஒன்று எடுங்கள். நடுவில் ஒரு சதுரம் வரைந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 12 என்று கொடுத்து நிரப்புங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மானிட்டரிலும் பாருங்கள். ஒன்றில் சதுரம் தெரிந்து மற்றதில் தெரியாவிட்டால், தெரியாத திரையின் வெளிச்சத்தை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். சதுரம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.